ஆறுமணிக்குருவியும் கூட்டாத மூலையும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இடுக்கு உண்டு. உடைந்த குடம், தேய்ந்துபோன தென்னந்துடைப்பம், எப்போதோ வாங்கிய பெயின்ட் டப்பா என்று வீட்டில் வேண்டாதது எல்லாம் அங்கே போய்ச் சேரும். 2021 அக்டோபரில் ஒரு விடிகாலை, மோட்டார் போடலாம் என்று பின்கதவைத் திறந்தால், எதிர்வீட்டுப் பூனை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. எலிதான் என்று நினைத்தேன். பூனையை விரட்டிவிட்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். டப்பாவுக்குப் பின்னால் யாரோ நாலைந்து பெயின்டைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. பச்சை, நீலம், சிவப்பு, சந்தன நிறம். அப்புறம் அது கண்ணைச் சிமிட்டியது.

அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"கிளியாடி?"

"கிளி இல்லம்மா, மூக்கப் பாரு."

"அப்ப மீன்கொத்தி."

"வாலே இல்லையே."

"அப்ப திருவிழால கோழிக்குஞ்சுக்குச் சாயம் அடிச்சு விப்பாங்களே, அதுவா இருக்கும்."

அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பறவையைக் கையில் வைத்துப் பார்த்தால் சாயம் அடித்த மாதிரிதான் தெரியும். மைனாவைவிடச் சின்னது. தலையில் நடுவகிடு எடுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அதற்கு இரண்டு பக்கமும் சந்தன நிறம். கண்ணுக்கு மை தீட்டுவதாக நினைத்துப் பிடரி வரை இழுத்துவிட்ட கறுப்புப் பட்டை. தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, இறக்கை மடிப்பில் பளபளக்கும் நீலத்தில் ஒரு துண்டு. வயிற்றுக்கு அடியில், வால் தொடங்குகிற இடத்தில் மட்டும் குங்குமம் கொட்டிய சிவப்பு. வால் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், கத்தரித்துவிட்ட மாதிரி ஒரு துணுக்கு. கால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், இளஞ்சிவப்பாக. எடை ஒரு கோழிமுட்டை அளவு இருக்கும், அதாவது ஐம்பது அறுபது கிராம். இந்தியில் இதற்கு நவரங் என்று பேர். ஒன்பது நிறம். நான் ஏழு எண்ணினேன், அம்மா எட்டு என்றாள். ஒன்பதாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அது என்ன என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை. பதினோரு வயதில் இதே பறவை ஒன்றை நான் கொன்றிருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் தாத்தா வீடு. ஐப்பசி மழை விடாமல் பெய்து பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். சித்தப்பா மகன் திண்ணையில் ஒண்டிக் கிடந்த குருவியைச் சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தான். நாங்கள் பாசத்தைக் கொட்டினோம். பேனாவுக்கு மசி ஊற்றுகிற ஃபில்லரால் வாயைத் திறந்து தண்ணீர் விட்டோம், பால் விட்டோம், சோற்றுப்பருக்கையைத் திணித்தோம். அரைமணிக்கு ஒரு தடவை கையில் எடுத்துத் தடவினோம். சாயங்காலம் கழுத்து தொங்கிவிட்டது. பால் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்க வேண்டும் என்று பிற்பாடு புரிந்தது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து ஒரு செம்பருத்திப் பூவும் வைத்தோம். தாத்தா மட்டும், "ஆறுமணிக்குருவிடா அது, அதப் போயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த "அதப் போயி" இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இந்தத் தடவை ஒன்றுமே செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, நாலு ஓட்டை போட்டு, பறவையை உள்ளே விட்டு மூடி, இருட்டான அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தண்ணீர் இல்லை, சோறு இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. நடுவில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கடிக்குமா மேடம்?" என்றார்கள். கடிக்காது என்றேன். "மயிலா இருந்தா வண்டி அனுப்பலாம்" என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டிக்குள் படபடவென்று சத்தம். கொல்லையில் பலாமரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். அது பறக்கவில்லை. பெட்டி விளிம்பில் ஏறி நின்றது, கீழே குதித்தது, இரண்டு தத்துத் தத்தியது. கிளம்பும் முன் ஒரு சருகைப் புரட்டியது. அப்புறம்தான் மதிலைத் தாண்டிப் பறந்தது. இறக்கை விரிந்தபோது கறுப்பில் ஒரு வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஒரு சருகுதான் இந்தக் கட்டுரை.

*

ஆறுமணிக்குருவி என்ற பேர் அதன் கூப்பாட்டால் வந்தது. விடிகிற நேரமும் மசங்குகிற நேரமும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், முதல் சுரம் ஏறி, இரண்டாவது இறங்கி, "வீட்…ட்யூ" என்று. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிடும். மற்ற நேரமெல்லாம் அநேகமாக மௌனம். கடிகாரத்தைச் சரிபார்க்க அதை நம்பினால் ஏமாந்து போவீர்கள். அது பார்ப்பது சூரியனை. கடலூரில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், ஏப்ரலில் ஆறேகால் தாண்டும். அதற்கேற்ப அதன் ஆறு மணியும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு பேர் தோட்டக்கள்ளன். இது எனக்கு அதைவிடப் பிடித்த பேர். தோட்டத்தில் இருக்கும், சத்தம் வரும், ஆளைக் காண முடியாது. இவ்வளவு நிறத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு எப்படி ஒளிகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். நிழலான மரத்தடியில் பார்த்தால் தெரியும். அந்தப் பச்சை முதுகு மங்கிய வெளிச்சத்தில் சருகோடு கலந்துவிடும். சந்தன நிறம் பழுத்த இலையாகிவிடும். அது நகர்ந்தால்தான் உங்களுக்குப் பறவை. நின்றால் தரை.

விஞ்ஞானப் பேர் பிட்டா பிராக்கியூரா. லின்னேயஸ் 1766இல் இதற்குப் பேர் வைத்தபோது காக்கை இனத்தில் சேர்த்திருந்தார். பிட்டா என்பது அப்புறம் வந்தது, அதுவும் தெலுங்கிலிருந்து போனது. எங்கள் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "பிட்டன்னா எங்க பாஷையில சும்மா குருவிதானேம்மா" என்று சிரித்தார். அதாவது உலகம் முழுக்க இந்தக் குடும்பத்துப் பறவைகளைக் குருவி, குருவி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிராக்கியூரா என்றால் குட்டைவால். நம் ஆட்கள் காதால் கேட்டுப் பேர் வைத்தார்கள், அவர்கள் செத்த பறவையின் வாலைப் பார்த்து வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இலங்கையில் இதற்கு இன்னொரு வழக்கு இருக்கிறது. சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள். ஒரு காலத்தில் தோகை இதனுடையதாகத்தான் இருந்ததாம். மயில் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லை. அதைத்தான் இன்னும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது கதை. வால் ஏன் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

*

கடலூரில் பிறந்த பறவை இல்லை அது. இங்கே அக்டோபர் வாக்கில் வரும், ஏப்ரல், மே ஆனால் போய்விடும். அது முட்டையிடுவது வடக்கே. மேற்கே பாகிஸ்தானின் மார்கல்லா குன்றுகள் தொடங்கி, இமயமலை அடிவாரம் நெடுக நேபாளம், சிக்கிம் வரை. அது தவிர மத்திய இந்தியாவின் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் கர்நாடகம் வரை. தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கும்போது, ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை, தரையிலோ தாழ்ந்த கிளையிலோ காய்ந்த இலையையும் புல்லையும் சேர்த்துப் பந்து மாதிரி ஒரு கூடு கட்டும். பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல். நான்கைந்து முட்டை, பளபளவென்று வெள்ளையாக, கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு.

மழை முடிந்ததும் தெற்கே கிளம்பும். தீபகற்பம் முழுக்கப் பரவும், இலங்கை வரை போகும். டேராடூன் பக்கத்திலிருந்து ஒன்று எங்கள் துவைக்கிற கல்லுக்கு வந்ததென்றால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கிறது. அதுவும் ராத்திரியில். பகலில் காட்டுக்குள் நாலு அடி தள்ளிப் போவதற்கும் தத்தியே போகிற பறவை, ராத்திரியில் மாநிலம் மாநிலமாகத் தாண்டுகிறது.

வந்து இறங்குகிற நேரம்தான் சங்கடமானது. அது வரும்போதுதான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னமும். காற்றில் அடிபட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் குழம்பி, விடிகிற நேரத்தில் கிடைத்த இடத்தில் இறங்கும். மாடிப்படிக்கு அடியில், பாத்ரூமில், வங்கி ஏடிஎம் அறையில் என்று கண்டெடுத்தவர்கள் எனக்கே நாலைந்து பேர் தெரியும். கண்ணாடி ஜன்னலில் மோதிச் செத்ததையும் பார்த்திருக்கிறேன், புதுச்சேரியில் நான் வேலை பார்க்கிற கட்டடத்திலேயே. முகப்பு முழுக்கக் கண்ணாடி. எதிரே நிற்கிற வேப்பமரம் அதில் அச்சாகத் தெரியும். பறவைக்கு அது இன்னொரு வேப்பமரம். அவ்வளவுதான்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தப் பறவை "கவலை குறைந்த இனம்" என்ற வரிசையில் இருக்கிறது. பரப்பு மிகப் பெரியது என்பதால் அப்படி. தப்பில்லை. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இதற்குப் பொருந்தும், பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் இஸ்லாமாபாத் முதல் இலங்கை வரை வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்களே, அந்த வண்ணத்துக்குள் பறவை நிற்கிற இடம் எது? நிழல் விழுகிற, புதர் உள்ள, சருகு மக்குகிற தரை. கீழே பூச்சி, கறையான், மண்புழு, நத்தை. அது இருந்தால் காடும் வேண்டியதில்லை, பாழடைந்த தோட்டமே போதும். அது இல்லாவிட்டால் மேலே எவ்வளவு பெரிய மரம் இருந்தாலும் பயனில்லை.

*

எங்கள் மாவட்டத்தில் ஊர்ப்பேரைச் சொன்னாலே மரம் வந்துவிடும். பாதிரி மரத்தால் திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் இருக்கிற இடமே தில்லை. இன்றைக்குப் பாதிரி மரத்தைக் காட்டு என்றால் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குள்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கரையோரத்துக்கு என்று ஒரு காடு இருந்தது. வறண்ட பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பேரே முரணாக இருக்கும், வறண்டதும் பசுமையும் ஒன்றாக. வருஷத்து மழையில் பெரும்பங்கு மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போகும், மீதி மாதமெல்லாம் வெயில், ஆனாலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது. சின்ன, தடித்த, தோல் மாதிரி இலைகள். மரம் ரொம்ப உயரம் போகாது. காயா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, எட்டி, நாவல், மகிழம், அடியில் களாவும் கொஞ்சியும் காட்டு எலுமிச்சையும். குனிந்துதான் நுழைய வேண்டும். சோழமண்டலக் கரையில் இது இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். அந்தத் துண்டுகளில் பல ஐயனாருக்கோ அம்மனுக்கோ சொந்தம்.

கடலூருக்கு மேற்கே கெடிலக்கரையில் திருமாணிக்குழி. சம்பந்தர் பாடிய தலம். அந்த ஊர்ப்பக்கத்துச் செம்மண் மேட்டில் அப்படி ஒரு துண்டுக் காடு இருக்கிறது. குழந்தைக்குப்பத்தில் இன்னொன்று. புதுவைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வாளர்கள் 1990களில் இந்த இரண்டிலும் மரம் மரமாக அளந்து, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போனது 2022 ஜனவரியில், பெட்டிக்குள் இருந்து பறந்ததன் ஞாபகத்தில்தான்.

விடியும் முன் போய்க் காட்டு விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் கொசு ஒரு பாட்டில் ரத்தம் எடுத்திருக்கும். ஆறேகால் வாக்கில் இடது பக்கம் ஒரு விசில். கொஞ்ச நேரம் கழித்து, நூறு அடி தள்ளி, இன்னொன்று பதில். அப்புறம் எனக்கு முன்னால், பத்தடி தூரத்தில், சருகு சரசரத்தது.

அரைமணி நேரம் பார்த்திருப்பேன். ஒரு தத்து, ஒரு நிறுத்தம். குட்டை வாலை மேலும் கீழும் மெதுவாக ஆட்டும், தலையை ஒருபக்கம் சாய்க்கும். அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசும், பழைய சட்டைத் துணிக்குவியலில் நல்லதாகத் தேடுகிறவர்கள் செய்வார்களே, அப்படி. கீழே ஈரமண். வெள்ளையாக ஏதோ புழு. விழுங்கிவிட்டு, அடுத்த சருகு. மேலே காய்ந்த சருகை அது தொடுவதே இல்லை. அதற்கு அடியில், கறுத்து, பாதி மக்கி, பூஞ்சை நூல் ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறதே, அந்த அடுக்குதான் சமையலறை. அந்த அடுக்கு ஒரு வருஷத்தில் வராது. யாரும் தொடாமல் பல மழை பார்த்திருக்க வேண்டும்.

திரும்பி வருகிற வழியில் ஒரு பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். காட்டில் விறகு எடுப்பார்களா என்று கேட்டேன். "எங்க காலத்துல ஒரு சுள்ளி எடுக்க மாட்டோம்மா. எடுத்தா பாம்பா வரும்னு சொல்லி வெச்சிருந்தாங்க. இப்ப எல்லார் வீட்லயும் கேஸ் வந்துடுச்சு, பாம்புக்கு வேலை இல்ல" என்றார். அவர் சொல்லிய தோரணையில் அது நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பயம் காப்பாற்றிய காட்டை இப்போது பக்தி கொஞ்சம் மிரட்டுகிறது என்பது என் கட்சி. பேர் சொல்ல வேண்டாம், எனக்குப் பழக்கமான ஒரு கோயில் காட்டில் கும்பாபிஷேகம் நடந்தது. நல்ல மனசோடுதான் செய்தார்கள். சாமியைச் சுற்றி இருந்த புதரை வெட்டி, தரைக்கு சிமெண்டுக் கல் பதித்து, வண்டி நிறுத்த இடம் விட்டு, மரத்தைச் சுற்றி வட்டமாக மேடை கட்டிப் பச்சை, மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். மரம் ஒன்றுகூட வெட்டவில்லை. கேட்டால் அதைத்தான் சொல்வார்கள், உண்மையும்கூட. போட்டோவில் காடு அப்படியே இருக்கும். தத்தித் திரிகிறதற்குத்தான் ஒன்றுமில்லை. தினமும் காலையில் ஓர் அம்மா வந்து அவ்வளவையும் பெருக்கிக் கொளுத்துகிறார்.

*

பண்ருட்டி முந்திரித் தோப்புகளையும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்து முந்திரி கிளை தரையில் படுத்து, நடுவில் பலா நின்று, ஓரத்தில் களாப்புதர் மண்டி, ஒரு மாதிரி அரைக்காடாக இருக்கும். கொட்டை விழுகிற பருவத்துக்கு முன்னால் மட்டும், மாசி பங்குனியில், பொறுக்கத் தோதாக அடியைக் கூட்டுவார்கள். ஐப்பசியில் வருகிற குருவிக்கு அதுவரை நாலு மாதம் கிடைத்துவிடும். பழைய விவசாயத்தில் இப்படி யாரும் திட்டமிடாத சலுகைகள் நிறைய இருந்தன.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. விடிந்தபோது தாத்தா தோப்பில் நின்ற மரத்தை விரலில் எண்ணலாம். நாற்பது ஐம்பது வருஷத்துப் பலா வேரோடு புரண்டு கிடந்தது. ஊரே இழவு வீடு மாதிரி இருந்த நேரத்தில் குருவியைப் பற்றி யார் நினைத்தார்கள், நானும் நினைக்கவில்லை. ஆனால் மார்கழி மத்தியில், அது இங்கே இருக்கிற காலத்தில்தான் அது நடந்தது. ஒரே ராத்திரியில் கூரை போய்விட்டது. கூரை போனால் தரைக்கு வெயில், வெயில் பட்டால் சருகு அப்பளம். அப்புறம் வைத்ததெல்லாம் ஒட்டுமுந்திரி. சீக்கிரம் காய்க்கும், கவாத்து செய்து குட்டையாக வளர்க்கலாம், மருந்தடிக்க வசதி. அடி எப்போதும் சுத்தமாக இருக்கும். சிலர் தைலமரத்துக்குப் போனார்கள். கடன் வாங்கி நட்டவனிடம் போய் புதரை விடு, குருவி வரும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன். ஆரோவில் இருக்கிற செம்மண் மேடு 1968இல் எப்படி இருந்தது என்று பழைய படங்களைப் பாருங்கள். ஒற்றை ஆலமரம், சுற்றிப் பொட்டல், மழைத் தண்ணீர் அறுத்த ஓடைகள். மண் சிவப்பாகக் கரைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே முதலில் வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு எதையும் தாங்குகிற ஆஸ்திரேலிய அகேசியா. அதன் நிழலில் நம்மூர் மரங்கள், கோயில் காடுகளில் பொறுக்கிய விதையிலிருந்து. மீதியைச் சின்னான்களும் குயில்களும் பழம் தின்று எச்சமிட்டுச் செய்தன. லட்சக்கணக்கில் நட்டார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், நட்டபின் கூட்டாமல் விட்டார்கள் என்பது. இன்று குளிர்காலத்தில் அங்கே மசங்குகிற நேரம் நடந்தால் ஆறுமணிக்குருவி கூப்பிடும். ஒரு ஆள் பிறந்து பணி ஓய்வு பெறுகிற காலத்துக்குள் பொட்டலில் அந்த அடுக்கு வந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதை ஒட்டிய காடும். பல குடும்பங்களுக்குக் குலதெய்வம், விசேஷ நாளில் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். பொங்கல் வைப்பார்கள், மொட்டை போடுவார்கள், இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் பறக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து இருநூறு அடி உள்ளே தள்ளி நான் குருவியின் குரல் கேட்டிருக்கிறேன், பின்னணியில் ஒலிபெருக்கியில் காணாமல்போன பையனின் அறிவிப்போடு. கள்ளனுக்குக் கூட்டம் பிரச்சினை இல்லை போலிருக்கிறது. தரையை விட்டுவைத்தால் போதும்.

*

எங்கள் கொல்லைக்கு வருகிறேன். முப்பதுக்கு நாற்பது அடி, ஒரு பலா, ஒரு கொய்யா, இரண்டு தென்னை, கிணறு. அம்மாவுக்குக் காலையில் கொல்லை கூட்டாவிட்டால் காப்பி இறங்காது. வரிவரியாகத் துடைப்பம் போட்ட கோடு தெரிய வேண்டும். சருகைக் குவித்துக் கொளுத்தி, அந்தப் புகையில் கொசு போகும் என்பது அவள் கணக்கு.

குருவியை விட்ட அன்றைக்கு ராத்திரி, கிணற்றடிக்குப் பின்னால் பலாமர மூலையைக் கூட்ட வேண்டாம் என்று கேட்டேன். "பாம்பு வரும்" என்றாள். கிணற்றடியில் விளக்குப் போடுகிறேன் என்றேன். "பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க, பொம்பளைங்க இருக்கிற வீடான்னு கேப்பாங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் பத்துக்குப் பத்தடி என்று முடிவானது. எல்லைக்கு நாலு செங்கல் நட்டு வைத்தோம். அம்மா அந்தச் செங்கல் வரை வந்து, கோடு போட்ட மாதிரி நிறுத்திவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்புவாள். முதல் வருஷம் கரப்பான் பூச்சியும் மரவட்டையும்தான் வந்தன. 2022 அக்டோபரில் ஒன்றும் வரவில்லை. 2023 நவம்பரில் இரண்டு நாள் விசில் கேட்டது, அடுத்த தெருப் பக்கம்.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. காலையில் பலாமரத்தடியில் சருகு தானாகப் பறந்துகொண்டிருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிடக் கத்தவில்லை, உள்ளே வந்து தோளைத் தட்டி விரலால் காட்டினாள். அதே பறவையா என்று எனக்கு எப்படித் தெரியும், காலில் வளையமா போட்டேன்? அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "செருப்புப் பெட்டியில வெச்சிருந்தமே, அதான்."

தீபாவளிக்கு மதிலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம், "அந்த மூலைய மட்டும் விட்டுடுப்பா, அங்க ஆள் இருக்கு" என்றாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு யாரையும் காணோமே என்றார்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்குக் கிட்ட மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் கொல்லையில் முழங்கால் தண்ணீர், அம்மா நட்ட செங்கல் தெரியவில்லை. சருகு மொத்தமும் மிதந்து பின்கதவில் வந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் வடிய மூன்று நாள். வடிந்ததும் நான் பார்த்தது வழவழவென்று வண்டல் பூசிய தரை. வீட்டைக் கழுவி முடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. சாயங்காலம் சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், தவளைதான் கத்தியது.

டிசம்பர் 12 என்று நினைவு. அம்மா கதவோரம் ஒதுங்கியிருந்த சருகை முறத்தில் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கொளுத்தத்தான் போகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன், அந்த வாரம் யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை. அவள் பலாமரத்தடிக்குப் போய்க் கொட்டினாள். எதிர்வீட்டில் கூட்டிக் குவித்திருந்ததையும் கேட்டு வாங்கிவந்து கொட்டினாள். எட்டு முறம். கேட்டதற்கு, "மூலை மொட்டையா இருக்குடி, பார்க்க நல்லா இல்ல" என்றாள்.

அதற்கு நாலாம் நாள் அடுக்களையில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொல்லைப் பக்கமிருந்து அந்த இரண்டு சுரம் வந்தது, கொஞ்சம் விட்டு மறுபடியும் வந்தது. அம்மா கையை உதறிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம் இவனுக்கு" என்றாள்.